எல்லாம் பாஸ், வண்டி ஃபெயில்

கியர்பெட்டி போய்விட்டது என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். மூன்று பேரில் ஒருவர்கூட அதைத் திறந்து பார்க்கவில்லை. மெக்கானிக், வண்டியைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவர் பிதுக்கியதைப் பார்த்து, வண்டி ஓட்டுகிறவளின் கணவரும் பிதுக்கினார். மூன்றாவது ஆளான பெரியவருக்கு வண்டியைப் பார்க்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அதை வாங்கிய அன்றே அவர் தீர்ப்பெழுதி வைத்திருந்தார்.

பெரியவர் என்பது கணவரின் அண்ணன். முப்பது வருஷமாக லாரி ஓட்டுகிறவர். கிளட்ச் இல்லாத வண்டியை வண்டி என்று அவர் வாயால் சொன்னதில்லை, "அந்தப் பொம்மை" என்பார். அந்த வீட்டில் அவர் ஒன்று சொன்னால் மறுபேச்சு கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை வந்தார், நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ஆள் வர்றான். பழைய வண்டி எடுக்கறவன், எனக்குத் தெரிஞ்சவன்தான். இருக்கிற நிலைமையிலேயே எடுத்துக்குவான். தள்ளிவிட்டுட்டு நிம்மதியா இருங்க."

கணவர் தலையாட்டினார். அவர் வீடுகளுக்கு வர்ணம் பூசும் பெயிண்டர். நல்ல மனுஷர். ஆனால் அண்ணன் முன்னால் அவருடைய தலைக்கு மேலும் கீழும் ஆடமட்டுமே தெரியும்.

"மாமா, நாளைக்கு ஒரு நாள் எனக்குக் குடுங்க. நான் பாக்கறேன்," என்றது சமையலறை வாசலிலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேசியது அவர் மனைவி, மீட்டரக்கா.

அவளுக்கு அந்தப் பெயர் வைத்தது அவள் வேலை செய்யும் மின்விசிறித் தொழிற்சாலை. கடைசி மேசையில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு விசிறியின் வயரிலும் மீட்டரின் இரண்டு முனைகளை வைப்பாள். மீட்டர் "கீ" என்று கத்தினால் வயர் அறுபடவில்லை, விசிறி பாஸ். கத்தாவிட்டால் ஃபெயில். பதினாலு வருஷமாக இதே வேலை. தொழிற்சாலையில் ஆரம்பித்து, தெரு வழியாக வந்து, கடைசியில் மாமியார்கூட அவளை "மீட்டரு" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பழைய ஆட்டோமேட்டிக் கார் அவளுக்கு என்ன என்பது பெரியவருக்குப் புரியாது. அவருக்கு இரண்டு காலும் மடங்கும். அவளுக்கு இடது கணுக்கால் ஒரு விபத்தில் நொறுங்கி, உள்ளே கம்பி வைத்துத் தைத்தது. அன்றிலிருந்து பாதம் மடங்காது, கிளட்ச் மிதிக்க முடியாது, பஸ் படி ஏற முடியாது. ஏழு வருஷம், யாராவது கொண்டுபோய் விட்டால் போனாள், யாராவது கூட்டிவந்தால் வந்தாள். கணவருக்கு வேலை முடியும் வரை தொழிற்சாலை வாசலில் காத்திருப்பாள். அவசரமென்றால் பக்கத்து வீட்டுக்காரனிடம் பல்லைக் காட்ட வேண்டும். மூட்டை முடிச்சுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்து அழுத நாட்கள் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் கிளட்ச் இல்லாத இந்த வண்டி வந்தது. அதற்குப் பிறகு அவள் ஒருவரையும் கெஞ்சவில்லை. அது போனால் மறுபடியும் மூட்டைதான்.

பெரியவர் தம்பியைப் பார்த்துச் சொன்னார். அவளைப் பார்த்துப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. "உன் பொண்டாட்டி ஃபேன் பாக்கறவ. கியர்பாக்ஸுக்கும் ஃபேனுக்கும் என்ன சம்பந்தம்? சரி, பாக்கட்டும். ஆசையை ஏன் கெடுக்கணும்?"

ஆழம் தெரியாமல் காலை விடுகிறாளே என்று கணவருக்குக் கவலை. அவளுக்கோ ஆழம் கொஞ்சம் தெரியும் என்ற நினைப்பு. வண்டியின் கோளாறு எப்படிப்பட்டது என்று மூன்று வாரமாக அவளே ஓட்டிப் பார்த்திருக்கிறாள். நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று முன்பலகையில் 'டிரைவ்' கியரைக் காட்டும் 'டி' எழுத்து கண்சிமிட்டும், ஒரு உதை விழும், வண்டி மூன்றாம் கியரிலேயே பூட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் சிக்னலில் நின்று கிளம்பினால் முக்கி முனகும். சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி ஒழுங்காகிவிடும். உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருந்தால் சாவியை அணைத்ததும் அது எப்படி வளரும்? அவள் மண்டையைக் குடைந்தது இந்தக் கேள்விதான். இது இரும்பின் நோய் இல்லை, கரண்டின் நோய் என்று அவளுக்குப் பட்டது.

சனிக்கிழமை காலை வீட்டின் முன்கொட்டகையில் வேலை ஆரம்பித்தது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தாள், கைபிரேக்கை இழுத்தாள். அந்த மாடலின் வயரிங் படத்தை முன்பே தொழிற்சாலைப் பிரின்டரில் எடுத்துவைத்திருந்தாள், அதை முன்கண்ணாடியில் ஒட்டினாள். கூட ஒரு ஆள் வேண்டும்.

"அத்தை, டிரைவர் சீட்ல வந்து உக்காருங்க."

மாமியார் முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஓட்டத் தெரியாதேம்மா!"

"ஓட்ட வேண்டாம். நான் சொல்றப்ப பிரேக்கை மிதிங்க, இந்தக் கியர் கம்பியை நகர்த்துங்க. அவ்வளவுதான்."

"அதுக்கு வீட்ல ஆம்பளைங்க இருக்காங்களே?"

"அவங்க மிதிக்க மாட்டாங்க அத்தை. யோசனை சொல்லுவாங்க."

மாமியார் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்த அந்த அம்மாள், முதல் வேலையாகக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிப் பொட்டைச் சரிசெய்துகொண்டார்.

முதலில் பேட்டரி. நிற்கும்போது பன்னிரண்டரை, ஓடும்போது பதினாலு வோல்ட். குறையில்லை. அப்புறம் ஃபியூஸ்கள், ஒன்றுவிடாமல். அப்புறம் கியர்பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் கனெக்டரைப் பிடுங்கினாள். பெட்டிக்குள்ளே எண்ணெயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிவிட்டுக் கியர் மாற்றுகிற சின்ன வால்வுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பிச் சுருள், காயில். காயில் என்றால் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, நாளுக்கு முந்நூறு பார்க்கிறவள். ஒன்று பதின்மூன்று ஓம், இன்னொன்றும் பதின்மூன்று. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. எரிந்த காயில் இப்படிக் காட்டாது.

"அப்போ பெட்டி நல்லாத்தான் இருக்கா?" என்றார் மாமியார்.

"கரண்ட் சம்பந்தமா பெட்டிக்குள்ள ஒரு கோளாறும் இல்ல அத்தை. வெளியிலதான் எங்கேயோ இருக்கு."

கியரை மாற்றச் சொல்லி உத்தரவு போடும் கம்ப்யூட்டர் ஒன்று, பக்கத்து சீட்டின் கால்மாட்டில், கம்பளத்துக்கு அடியில் இருந்தது. அங்கிருந்து கியர்பெட்டிக்கு எட்டு வயர், பேட்டரிக்கு இரண்டு, எர்த்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பக்கம் கழற்றி, இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தாள், எர்த்துக்கு மட்டும் மறுமுனையாக வண்டியின் இரும்பு உடம்பு. கீ. கீ. கீ. ஒவ்வொரு தடவையும் மாமியார் ஜன்னல் வழியாக "பாஸ்!" என்று கூவினார். பத்தாவது வயருக்கு அவருடைய உற்சாகம் ஊரைக் கூட்டியது. பதினோராவது வயரும் பாஸானபோது மீட்டரக்காவுக்கு உற்சாகம் வடிந்துவிட்டது. எல்லாமே பாஸ் என்றால் கோளாறு எங்கே?

எல்லாவற்றையும் மாட்டி, தெருவில் ஓட்டிப் பார்த்தாள். மாமியாரும் இறங்க மறுத்துக் கூடவே வந்தார். பட்டப்பகலில் வண்டி தங்கமாகப் போனது. மாலையில் மறுபடி எடுத்தாள். நாலாவது திருப்பத்தில் 'டி' கண்சிமிட்டியது, உதைத்தது, மூன்றில் பூட்டிக்கொண்டது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. வீட்டுக்கு வந்து ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கணவர் வந்து ஜன்னலில் குனிந்தார். கையில் டீ. "விடும்மா. எனக்குத் தெரியாதா உன் கஷ்டம்? முன்ன மாதிரி நானே கொண்டுபோய் விடறேன். நானே கூட்டிட்டு வர்றேன்."

அன்பாகத்தான் சொன்னார். அதைவிடக் கொடுமையான வார்த்தையை அவளிடம் அன்று யாரும் சொல்லியிருக்க முடியாது. டீயை வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரை மட்டும் திருப்பிக் கொடுத்தாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மாமியார்தான் முதலில் கொட்டகைக்கு வந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அழைக்காமலே டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"ஏம்மா மீட்டரு, ஒண்ணு சொல்றேன், திட்டாதே. நீ காலையில கிளம்பறப்ப சத்தம் அழகா ஏறும். நான் சமையல்கட்டுலேருந்து கேட்டுக்கிட்டேதான் இருப்பேன். சாயங்காலம் வர்றப்பதான் முக்கிக்கிட்டே வரும். நேத்தும் அப்படித்தானே?"

"சாயங்காலம் வண்டி சூடாகியிருக்கும் அத்தை."

"நேத்து சாயங்காலம் நீ எடுத்தப்ப ரெண்டு மணி நேரம் சும்மா நின்ன வண்டிதானே? எங்கே சூடு?"

மீட்டரக்காவின் கை அப்படியே நின்றது. சூடு இல்லை. அப்படியானால் மாலையில் என்ன இருக்கிறது, காலையில் இல்லாதது? முன்விளக்கு. வேலை முடிந்த வியர்வையில் போடுகிற ஏசி. காலையில் வண்டிக்கு வேலை கம்மி, மாலையில் சுமை.

சுமை என்ற வார்த்தை அவளைச் செவிட்டில் அறைந்தது. ஏனென்றால் இந்தத் தப்பை அவள் ஏற்கெனவே ஒருமுறை செய்திருக்கிறாள். ஒரு தடவை நாற்பது விசிறிகளைக் "கீ, பாஸ்" என்று அனுப்பிவிட்டாள். நாற்பதும் திரும்பி வந்தன. சுவிட்சைப் போட்டால் உறுமுகின்றன, சுற்றவில்லை. பிரித்துப் பார்த்தால், முறுக்கிய வயரின் இழைகளெல்லாம் அறுந்து, ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தது. மீட்டர் கத்துவதற்கு ஒற்றை இழை போதும். விசிறி சுற்றுவதற்குப் போதாது. சும்மா இருக்கும்போது எல்லா வயரும் நல்ல வயர்தான். சொந்தக்காரர்களைப் போல, பாரம் ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். நேற்று முழுக்க, கழற்றிப்போட்ட வயரைக் "கீ, பாஸ்" என்று பார்த்துவிட்டு, பதினாலு வருஷ அனுபவம் என்று தலையை நிமிர்த்திக்கொண்டிருந்தோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இந்தத் தடவை எதையும் கழற்றவில்லை. கம்ப்யூட்டரின் எர்த் வயர் நுழைகிற இடத்தில், பின்பக்கமாக ஒரு தையல் ஊசியைச் செருகினாள். அதில் மீட்டரின் ஒரு முனை. பேட்டரியின் மைனஸிலிருந்து நீளமான ஒரு வயரை இழுத்துவந்து அதில் இன்னொரு முனை. எர்த் ஒழுங்காக இருந்தால் இரண்டும் ஒரே இடம். மீட்டர் ஏறக்குறைய சைபர் காட்ட வேண்டும்.

"அத்தை, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணுங்க."

என்ஜின் உறுமியது. மீட்டரில் சைபர் புள்ளி ஒன்று.

"லைட்டைப் போடுங்க."

சைபர் புள்ளி ஒன்பது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். "இப்ப கம்பியை 'டி'ல வைங்க. பிரேக்கை மட்டும் விட்டுடாதீங்க, கையெடுத்துக் கும்பிடறேன்."

"கும்பிடாம சோலியைப் பாரும்மா," என்றார் மாமியார். இரண்டு காலையும் பிரேக்கில் வைத்து மிதித்துக்கொண்டிருந்தார்.

"ஏசி."

என்ஜினைக் குளிர்விக்கும் காற்றாடி முன்னால் சுழல ஆரம்பித்த நொடியில் மீட்டர் இரண்டரையைத் தாண்டியது. வண்டியின் முன்பலகையில் 'டி' கண்சிமிட்டியது. ஒரு உதை விழுந்தது. மாமியார் "ஐயோ!" என்றார்.

"பிடிச்சுட்டேன் அத்தை!" மீட்டரக்கா கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "திருடன் மாட்டிக்கிட்டான்! எர்த்! எர்த் சரியில்ல! இவ்வளவு வோல்ட் வழியிலேயே காணாமப் போச்சுன்னா அந்தக் கம்ப்யூட்டர் பாவம் என்ன பண்ணும்? பயந்துபோய் மூணாம் கியர்ல ஒளிஞ்சுக்குது!"

மிச்சம், அந்த எர்த் வயர் எங்கே போய் முடிகிறது என்பதுதான். படத்தில் விரலை வைத்துக்கொண்டே போனாள். விளக்கு, காற்றாடி, கம்ப்யூட்டர் மூன்றின் எர்த்தும் ஒன்றாகச் சேர்ந்து, பேட்டரித் தட்டுக்கு அடியில் வண்டியின் உடம்பில் ஒரே போல்ட்டில் மாட்டப்பட்டிருந்தன. பேட்டரியைக் கழற்றி இறக்கி வைத்தாள், தட்டைத் தூக்கினாள், டார்ச் அடித்தாள்.

உள்ளே பளபளவென்று இருந்தது. பதினெட்டு வயசு வண்டியின் அடிவயிற்றில், ஒரு துளி துரு இல்லாமல், முகம் பார்க்கும் அளவுக்குக் கறுப்புப் பெயிண்ட். அதன்மேல் எர்த் வயர்களின் வளையம் உட்கார்ந்திருந்தது. பெயிண்டின் மேலே. இரும்பைத் தொடாமல்.

"ஏங்க!" என்றாள். "கொஞ்சம் இங்க வாங்க."

கணவர் வந்து எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "பாத்துட்டியா? சொல்ல வேணாம்னு இருந்தேன். போன மாசம் நம்ம கல்யாண நாளுக்கு அடிச்சது. அங்க ஒரே துரு. உன் வண்டியாச்சேன்னு ரெண்டு கோட் அடிச்சேன்."

"இந்த வயரை?"

"கழட்டிட்டுத்தான் அடிச்சேன். வயரை வச்சுக்கிட்டுச் சுத்தி அடிக்கறவனெல்லாம் ஒரு பெயிண்டரா? கழட்டி, தேச்சு, பிரைமர் பூசி, ரெண்டு கோட் அடிச்சு, ஒரு நாள் காய விட்டு, அப்பறம் மாட்டினேன்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை இதுதான். அரைகுறை பெயிண்டராக இருந்திருந்தால் வயருக்கு மேலேயே பூசிவிட்டுப் போயிருப்பார், வண்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இவர் தொழிலில் சுத்தக்காரர், அதனால் வந்த வினை. போல்ட்டின் மரை வழியாக மட்டும் ஏதோ கொஞ்சம் கரண்ட் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் கசிவை நம்பித்தான் நேற்று மீட்டர் "கீ" என்று கத்தியது.

அவளுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது, அந்த மனுஷன் பேட்டரியைத் தூக்கிவைத்துவிட்டு யாருக்கும் தெரியாமல் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்த காட்சியும் கண்முன் வந்தது. மூன்றும் ஒன்றாக வந்ததால் எதையும் காட்டாமல் கையை நீட்டினாள்.

"உப்புத்தாள் கொண்டாங்க. நீங்களே தேய்ங்க. இரும்பு வெள்ளையா தெரியற வரைக்கும்."

"ரெண்டு கோட்டையுமா?" என்றார் அவர், பெற்ற பிள்ளையை அடிக்கச் சொன்ன மாதிரி.

சரியாக அந்த நேரத்தில் பெரியவர் வந்தார். கூடவே பழைய வண்டி வியாபாரி. பேட்டரி தரையில் கிடக்கிறது, தம்பி தலைகீழாகத் தொங்கிக்கொண்டு எதையோ தேய்க்கிறான், பெற்ற தாய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறார். என்ஜின் நின்று அரைமணி நேரமாகிறது. விடச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

"என்னடா இது கூத்து? ஓடற மாதிரியாவது இருந்துச்சு, அதையும் பிரிச்சுப் போட்டாச்சா?"

"பத்து நிமிஷம் மாமா," என்றாள் மீட்டரக்கா, தலையைத் தூக்காமல்.

வியாபாரி கடிகாரத்தைப் பார்த்தார். பெரியவர் வாயைத் திறந்தார்.

"பத்து நிமிஷம்னு சொன்னா இல்ல?" என்றார் மாமியார், டிரைவர் சீட்டிலிருந்து. அந்த வீட்டில் பெரியவரின் பேச்சுக்கு மறுபேச்சு வந்தது அதுதான் முதல் தடவை, அதுவும் பெற்றவளிடமிருந்து. பெரியவர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

வெள்ளை இரும்பின்மேல் வளையத்தை வைத்து முடுக்கினாள். தட்டு, பேட்டரி, கிளிப். என்ஜின் ஓடியது. விளக்கு, ஏசி, துடைப்பான், பின்கண்ணாடி ஹீட்டர் என்று இருந்த எல்லாவற்றையும் போட்டாள். மீட்டரை மாமியாரின் கண்முன்னால் நீட்டினாள்.

"சைபர், புள்ளி, சைபர், நாலு," என்று எழுத்துக்கூட்டிப் படித்த மாமியார், "பாஸ்!" என்று கூவினார்.

"மீட்டர் சொன்னா ஆச்சா? ரோடு சொல்லணும்," என்றார் பெரியவர்.

"ஏறுங்க மாமா."

தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் ஏற்றத்துக்கு விட்டாள். பக்கத்தில் பெரியவர், பின்னால் கணவரும் வியாபாரியும். எல்லா விளக்கும் எரிய, ஏசி இரைய, வறண்ட கண்ணாடியில் துடைப்பான் கிறீச்சிட, வண்டி மேட்டில் ஏறியது. முப்பது வருஷ லாரிக்காரரின் காது சும்மா இருக்குமா? சத்தம் மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் அவருடைய இடது கால் தானாக இல்லாத கிளட்சை மிதித்தது, விரல் தொடையில் ஒரு தட்டு தட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று. மேடு முடிந்து சாலை விரிந்த இடத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். 'டி' அசையாமல் எரிந்தது. சத்தம் மெல்லத் தணிந்து வழுக்கிக்கொண்டு போனது. விரல் நாலாவது தட்டுத் தட்டியது.

"நாலு விழுந்துடுச்சு," என்றார் பெரியவர், தனக்குத்தானே. கொஞ்ச தூரம் போனபின் இன்னும் ஒன்று சொன்னார். "நான் மாத்தறதைவிட வழுவழுன்னு மாத்துது."

கொட்டகைக்குத் திரும்பியதும் வியாபாரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "அண்ணே, இப்ப நல்லா ஓடுது. சொன்னதுக்கு மேல போட்டே குடுக்கறேன்."

பெரியவர் பதில் சொல்லுமுன் மீட்டரக்கா சொல்லிவிட்டாள். "விக்கறதுக்கு இல்லீங்க." சொன்ன வேகத்தில் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பெரியவர் அண்ணாந்து கொட்டகைக் கூரையைப் பார்த்தார். பிறகு வியாபாரியின் தோளில் கைபோட்டு, "வா, டீ குடிச்சிட்டுப் போ," என்று வெளியே நடத்திக்கொண்டு போனார்.

அதற்குள் வீடே களைகட்டிவிட்டது. கணவர் முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். மாமியார் பின்சீட்டில் ஏறினார், அக்கம்பக்கத்தில் இருவர் அவரை நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். பூங்காவுக்குப் போகலாம் என்றார் ஒருவர். கடைத்தெருவுக்கு என்றார் இன்னொருவர். அங்கே போகலாமா, இங்கே போகலாமா என்று ஆளுக்கொரு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மீட்டரக்கா ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"எல்லாரும் இறங்குங்க."

"என்னது?" என்றார் கணவர்.

"கோவிச்சுக்காதீங்க. சாயங்காலம் எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன். இப்ப இறங்குங்க."

"எங்கம்மா போறே? சொல்லிட்டாவது போ."

அவள் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். கோபமில்லை. எங்கே என்று அவளுக்கே தெரியாது, அவ்வளவுதான். பின்கதவு திறந்தது. முதலில் இறங்கியவர் மாமியார். இறங்கி, மற்ற இருவரையும் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, மகனின் பக்கத்துக் கதவையும் திறந்துபிடித்தார்.

"இறங்குடா. அவ போகட்டும்."

வண்டி கொட்டகையை விட்டு வெளியே வந்தது. நண்பகல் வெயிலில் முன்விளக்கு இரண்டும் எரிந்துகொண்டிருந்தன, அவள் அணைக்கவில்லை. தெருமுனையில் ஒரு நொடி நின்றாள். வலது பக்கம் தொழிற்சாலை, இடது பக்கம் கடைத்தெரு. இரண்டையும் விட்டுவிட்டு நேராகப் போனாள்.